பிரிவதா என்று கேட்க ஒரு சட்டம் வேண்டும்

கியூபெக்கில் மூன்றாவது வாக்கெடுப்புப் பற்றிய பேச்சு மறுபடி எழுந்திருக்கிறது. ஆட்சிக்கு வந்தால் முதல் தவணைக்குள்ளேயே கனடாவிலிருந்து பிரிவதா என்று மக்களைக் கேட்போம் என பார்ட்டி கெபெக்குவா அறிவித்திருக்கிறது. மேற்கே ஆல்பர்ட்டாவிலும் எண்ணெய் வருமானத்தை முன்னிறுத்தி அதே குரல் கேட்கிறது. மொன்றியலில் எங்கள் கோயில் மண்டபத்திலோ கல்யாண வீட்டிலோ இந்தப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்: "நாட்டை உடைக்கப்போறம் எண்டு பகிரங்கமாச் சொல்லுற கட்சியை எப்பிடி அக்கா விட்டு வைச்சிருக்கிறாங்கள்?" ஊரிலிருந்து அண்மையில் வந்த பிள்ளைகள்தான் இதைக் கூடுதலாகக் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். விட்டு வைத்ததால்தான் இந்த நாடு இன்னும் ஒன்றாக இருக்கிறது.

கூட்டாட்சியில் சேர்ந்திருக்கும் ஒரு மாகாணத்துக்குப் பிரிந்து போகச் சட்டப்படி ஒரு வழி இருக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அந்த வழி நீண்டதாக இருக்கட்டும், கடினமாக இருக்கட்டும், ஒருவர் கோபத்தில் எழுந்து ஒரே இரவில் போய்விட முடியாததாக இருக்கட்டும். ஆனால் இருக்க வேண்டும். நான் மானிப்பாயில் பிறந்து 1988இல் மொன்றியலுக்கு வந்தவள். தையல் ஆலையில் வேலை செய்து, பிறகு பிரெஞ்சு படித்து மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். பிரிவினைக் கோரிக்கையை இரண்டு அரசுகள் எப்படி எதிர்கொண்டன என்பதை இரண்டு மண்ணிலும் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

1976ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். மே 14ஆம் திகதி இலங்கையில் வட்டுக்கோட்டைத் தொகுதியில் பண்ணாகத்தில் கூடிய மாநாட்டில் தமிழருக்கான தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. ஆறு மாதம் கழித்து, நவம்பர் 15ஆம் திகதி, கியூபெக் மாகாணத் தேர்தலில் ரெனே லெவெக்கின் பார்ட்டி கெபெக்குவா வென்று ஆட்சி அமைத்தது. கியூபெக்கைத் தனிநாடாக்கவே தொடங்கிய கட்சி அது. அடுத்த ஆண்டு ஜூலையில் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களை வென்றது. அமிர்தலிங்கம் பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்தார். அதே கோடையில் லெவெக்கின் அரசு பிரெஞ்சு மொழிச் சாசனத்தை, 101ஆம் இலக்கச் சட்டத்தை, நிறைவேற்றியது. குடியேறி வருபவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம் அது. பிற்காலத்தில் என் பிள்ளைகளையும் அந்தப் பள்ளிகளுக்குத்தான் அனுப்பினேன்.

இரண்டு இடத்திலும் மக்கள் வாக்குச்சீட்டில்தான் தங்கள் விருப்பத்தைச் சொன்னார்கள். அதற்குக் கிடைத்த பதிலில்தான் வழிகள் பிரிந்தன. ஒட்டாவாவில் பிரதமராக இருந்த பியர் ட்ரூடோ கியூபெக்கைச் சேர்ந்தவர், லெவெக்கின் பரம எதிராளி. அவர் லெவெக்கின் அரசைக் கலைக்கவில்லை, கட்சியைத் தடை செய்யவில்லை. மேடையேறிப் பேசினார். 1980 மே 20ஆம் திகதி வாக்கெடுப்பு நடந்தது. பிரிவை நோக்கிப் பேச்சுவார்த்தை நடத்த ஆணை கேட்ட லெவெக்குக்கு 'இல்லை' என்று 59.56 வீதமானோர் சொன்னார்கள். அவர் மேடையில் நின்று தோல்வியை ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு ஏப்ரலில் அதே மக்கள் அவரையே மறுபடி மாகாண முதல்வராகத் தெரிந்தெடுத்தார்கள். பிரிய மறுத்த மக்களே பிரிவு கேட்ட கட்சியை ஆளச் சொன்னார்கள். ஊரில் இருந்தபோது இப்படி ஒன்று நடக்கும் என்று நாங்கள் கற்பனைகூடச் செய்திருக்க மாட்டோம்.

கொழும்பு என்ன செய்தது? 1977 தேர்தல் முடிந்த மறு மாதமே தமிழருக்கு எதிரான கலவரம். 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம். லெவெக் மறுபடி வென்ற அந்த 1981 ஏப்ரல் கழிந்து ஓரிரு மாதத்துக்குள் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1982 டிசம்பரில் ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். இலங்கையில் நடந்த ஒரே சர்வசன வாக்கெடுப்பு அதுதான். 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தல் இல்லாமலே இன்னும் ஆறு ஆண்டு நீட்டலாமா என்பது கேள்வி. நீட்டலாம் என்றால் விளக்கு, கூடாது என்றால் குடம். நான் போட்ட முதல் வாக்குகளில் அது ஒன்று. எங்கள் ஒழுங்கையில் எல்லோரும் குடத்துக்குத்தான் போட்டோம், யாழ்ப்பாண மாவட்டமே குடத்துக்குத்தான் போட்டது. விளக்கு வென்றது. மக்களிடம் கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவோ இருந்த காலத்தில் அந்த நாடு கேட்டது இந்த ஒன்றைத்தான்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஓகஸ்ட் 8ஆம் திகதி ஆறாவது திருத்தம் வந்தது. இலங்கைக்குள் தனிநாட்டை ஆதரிப்பதோ அதற்காகப் பேசுவதோ நிதி கொடுப்பதோ குற்றம் ஆனது. ஏழு ஆண்டு வரை குடியியல் உரிமை பறிபோகும். வாழ்வதற்குத் தேவையானது போக மற்றச் சொத்தும் பறிமுதலாகும். பாராளுமன்ற உறுப்பினர் எல்லோரும் தனிநாட்டைக் கேட்கமாட்டோம் என்று சத்தியம் செய்ய வேண்டும். கூட்டணியினர் செய்ய மறுத்தார்கள், ஆசனங்களை இழந்தார்கள். அவர்களை அனுப்பிய மக்களுக்கு அன்றிலிருந்து பாராளுமன்றத்தில் வாய் இல்லை. அதற்கு மேல் கொழும்பு பேசுவதானால் இயக்கங்களோடுதான் பேச வேண்டியிருந்தது. வாக்குப் பெற்று வந்தவர்களின் கோரிக்கையைக் குற்றமாக்கியபோது, அந்தக் கோரிக்கையைச் சொல்லும் உரிமையை ஆயுதம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டது அந்த அரசு.

இலங்கை கூட்டாட்சி அல்லவே, ஒற்றையாட்சி நாட்டை எப்படிக் கனடாவோடு ஒப்பிடலாம் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் 1949ஐ நினைவில் கொள்ள வேண்டும். அந்த ஆண்டு தொடங்கிய தமிழரசுக் கட்சி கேட்டது சமஷ்டி, சேர்ந்து வாழ்வதற்கான ஓர் ஏற்பாடு. கால் நூற்றாண்டுக்கு மேல் அதை மறுத்த பின்தான் பண்ணாகத் தீர்மானம் வந்தது.

கனடாக்காரர் சாதுவானவர்கள், அதனால்தான் அங்கே சண்டை வரவில்லை என்பதும் சரியல்ல. 1960களில் மொன்றியலின் வெஸ்ட்மவுண்ட் பகுதியில் தபால் பெட்டிகளுக்குள் குண்டு வைத்தார்கள். 1970 ஒக்டோபரில் கியூபெக் விடுதலை முன்னணி என்ற குழு பிரித்தானிய இராஜதந்திரி ஜேம்ஸ் கிராஸைக் கடத்தியது. மாகாண அமைச்சர் பியர் லபோர்ட்டைக் கடத்திக் கொன்றது. ட்ரூடோ போர்க்கால நடவடிக்கைச் சட்டத்தை அமுல்படுத்தினார். தெருவில் இராணுவம் நின்றது. பிடியாணை இல்லாமலே ஏறக்குறைய ஐந்நூறு பேரைப் பிடித்தார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். அது அநியாயம். ஆனால் அந்த நேரத்திலும் லெவெக்கின் கட்சி சட்டபூர்வமான கட்சியாகவே இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் தேர்தலில் அதற்கு 23 வீத வாக்கும் ஏழே ஏழு ஆசனமும் கிடைத்திருந்தன. குண்டு வைக்கத் துடித்த இளைஞர்களைப் பார்த்து, 'வா, தேர்தல் வேலை செய், அடுத்த முறை வெல்வோம்' என்று சொல்ல ஓர் இடம் இருந்தது. ஆறு ஆண்டில் அவர்கள் வென்றும் விட்டார்கள். அதன் பிறகு தபால் பெட்டிக் குண்டுக்கு ஆள் சேரவில்லை.

1993 பொதுத் தேர்தலில் லூசியன் புஷார் தலைமையில் புளொக் கெபெக்குவா 54 ஆசனங்கள் பெற்று ஒட்டாவாவில் உத்தியோகபூர்வ எதிர்க்கட்சியானது. நாட்டைப் பிரிக்க வந்தவர் எதிர்க்கட்சித் தலைவர். அமிர்தலிங்கம் உட்கார்ந்த அதே நாற்காலி என்று அன்று இரவு என் கணவர் தொலைக்காட்சியைப் பார்த்தபடி சொன்னார். புஷாரை அந்த நாற்காலியிலிருந்து எழுப்ப யாரும் ஒரு சட்டம் கொண்டுவரவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டாவது வாக்கெடுப்பு. நான் அப்போது ஷபனெல் வீதியில் ஒரு பெரிய கட்டடத்தின் மேல் தளத்தில் பெண்களுக்கான மேலங்கி தைக்கும் ஆலையில் இருந்தேன். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. வரிசையில் எனக்கு ஒரு பக்கம் எயிற்றிக்காரி, மறு பக்கம் போர்த்துக்கல்காரி. எங்கள் மேற்பார்வையாளர் காஸ்பேயிலிருந்து வந்த கியூபெக் பெண்மணி. 'ஆம்' அணியின் சின்னத்தை மேற்சட்டையில் குத்தியிருந்தார். பிரெஞ்சில் 'ஆம்' என்று எழுதும்போது முதல் எழுத்து வட்டமாக வருமே, அந்த இடத்தில் ஒரு வெள்ளை டெய்சிப் பூ. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் தன் தகப்பனைப் பற்றிச் சொல்வார். தகப்பன் வேலை செய்த ஆலையில் முதலாளிமார் எல்லோரும் ஆங்கிலேயர், பிரெஞ்சில் பேசினால் ஏசுவார்களாம். எனக்கு அந்தக் கதை புதிதாகத் தெரியவில்லை. தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு என் அப்பா கந்தோரில் பட்டது அதுதான். மேற்பார்வையாளரின் வலி எனக்கு விளங்கியது. இருந்தும் என் வாக்கு 'இல்லை' என்றுதான் விழும் என்பதை அவரிடம் மறைக்கவில்லை. ஒரு நாட்டை விட்டு ஓடி வந்து இன்னொரு நாட்டில் அப்போதுதான் கால் ஊன்றியிருந்தோம். அதுவும் கைமாறுவதை நான் விரும்பவில்லை. அவர் கோபிக்கவில்லை. அன்றும் எனக்குச் சேர வேண்டிய துண்டுகளைச் சரியாக எண்ணித்தான் தந்தார்.

வாக்குச்சீட்டில் இருந்த கேள்வி நாற்பது சொற்கள் அளவுக்கு நீண்ட ஒரே வாக்கியம். கனடாவுக்குப் புதிய பொருளாதார அரசியல் கூட்டுறவு ஒன்றை முறைப்படி முன்மொழிந்த பின், கியூபெக்கின் எதிர்காலம் பற்றிய மசோதாவுக்கும் ஜூன் 12ஆம் திகதி கையெழுத்தான உடன்படிக்கைக்கும் அமைய, கியூபெக் இறைமையுள்ளதாவதை ஏற்கிறீர்களா என்று போகிறது. நாடு என்ற சொல்லே அதில் இல்லை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற தமிழ் அம்மா ஒருவர், "பிள்ளை, இதிலை எது பிரியிறது, எது பிரியாதது?" என்று கேட்டார். படித்த கியூபெக்காரர் பலருக்கே அந்தக் கேள்வி தெளிவாக இருக்கவில்லை. 'ஆம்' என்று போட்டாலும் கனடியக் கடவுச்சீட்டு இருக்கும், பாராளுமன்றத்தில் உறுப்பினர் இருப்பார்கள் என்று எண்ணியவர்கள் பலர்.

நாங்கள் இங்கே பென்சிலால் புள்ளடி போட்ட அதே 30ஆம் திகதிதான் வலிகாமம் இடம்பெயர்ந்தது. இங்கே காலையில் வாக்குச்சாவடி திறந்தபோது அங்கே இரவு. இராணுவம் நெருங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்று புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். லட்சக்கணக்கான சனம் மழையில் ஒரே வீதியில் செம்மணியும் நாவற்குழிப் பாலமும் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தது. அதில் என் அம்மாவும் தங்கையும் இருந்தார்கள். அம்மாவுக்கு மூட்டு வருத்தம். தங்கை சைக்கிள் கரியரில் அவரை இருத்தி உருட்டிக்கொண்டு போயிருக்கிறாள். பாலத்தடியில் நெரிசலில் சைக்கிளையும் விட வேண்டி வந்தது. கொழும்புக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்து அனுப்பிய கடிதம் எங்களுக்குக் கிடைத்தபோது இங்கே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. ஒரே கோரிக்கை, ஒரே நாள். இங்கே என்னிடம் ஒரு துண்டுத் தாளைக் கொடுத்து உன் விருப்பம் என்ன என்று கேட்டார்கள். அங்கே என் அம்மாவிடம் எந்தத் தரப்பும் எதையும் கேட்கவில்லை.

அன்று இரவு பத்து மணி கடந்து முடிவு தெரிந்தது. 'இல்லை' 50.58 வீதம், 'ஆம்' 49.42 வீதம். வித்தியாசம் 54,288 வாக்கு. தோல்வியை ஏற்றுப் பேசிய முதல்வர் ஜாக் பாரிசோ, பணமும் இனச் சிறுபான்மையினர் வாக்குமே எங்களைத் தோற்கடித்தன என்றார். எங்களைத்தான் சொன்னார். அந்தப் பேச்சு என்னைக் குத்தியது, இன்றும் குத்துகிறது. ஆனால் மறுநாள் பதவி விலகல் அறிவித்தது அவர்தான். நாங்கள் எங்கும் ஓடவில்லை. காலையில் ஏழு மணிக்கு ஷபனெல் வீதியில் எல்லா இயந்திரமும் ஓடியது. மேற்பார்வையாளர் அழுத கண்ணோடு வந்தார். எயிற்றிக்காரி அவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார்.

'ஆம்' அணியின் மனக்குறைகளில் நியாயமானவையும் உண்டு. வாக்கெடுப்புக்கு முன்னான வாரங்களில் புதிய குடியேறிகளுக்கு அவசர அவசரமாகக் குடியுரிமை கொடுக்கப்பட்டது. 'இல்லை' அணிக்காகச் சட்டத்துக்குப் புறம்பாக ஐந்து லட்சம் டொலருக்கு மேல் செலவானதை 2007இல் கிரெனியே விசாரணை கண்டறிந்தது. மறு பக்கத்தில், செல்லாது என்று ஒதுக்கப்பட்ட சீட்டுகள் 86,000க்கும் மேல். 'இல்லை' பலமாக இருந்த சில தொகுதிகளில் அந்த வீதம் விசித்திரமாக உயர்ந்திருந்தது. வெற்றி வித்தியாசத்தைவிட ஒதுக்கிய சீட்டு அதிகம். அன்று ஐம்பதாயிரம் வாக்கு மறுபக்கம் சாய்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் எந்தச் சட்டத்திலும் அதற்குப் பதில் எழுதப்பட்டிருக்கவில்லை. வாசல் திறந்திருந்தது, படிக்கட்டு இல்லை.

அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது 1998 ஓகஸ்ட் 20ஆம் திகதி கனடிய உச்ச நீதிமன்றம் சொன்ன கருத்து. கியூபெக் தன் பாட்டுக்குப் பிரிந்து போகலாமா என்று மத்திய அரசு நீதிமன்றத்தைக் கேட்டது. கியூபெக் அரசு அந்த வழக்கில் பங்கெடுக்க மறுத்தது. அதனால் அந்தத் தரப்பு வாதத்தை எடுத்துச் சொல்ல நீதிமன்றமே ஒரு வழக்கறிஞரை நியமித்தது. ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னதன் சாரம் இது: ஒரு மாகாணம் தானாகவே, மற்றவர்களோடு பேசாமல், பிரிந்துவிட முடியாது. கனடிய அரசியலமைப்பும் அந்த உரிமையைத் தரவில்லை, சர்வதேசச் சட்டமும் தரவில்லை. ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை 'ஆம்' என்றால், கனடாவின் மற்றப் பகுதிகள் கேளாதது போல் இருந்துவிடவும் முடியாது. நல்லெண்ணத்தோடு பேச்சுவார்த்தைக்கு வந்தே ஆக வேண்டும், அது அவர்கள் கடமை. அந்தப் பேச்சில் கடன், எல்லை, சிறுபான்மையினர் உரிமை எல்லாம் இருக்கும்.

அந்தத் தீர்ப்பைக் கேட்டு ஒட்டாவாவும் மகிழ்ந்தது, பிரிவினைக் கட்சியும் மகிழ்ந்தது. அதில் ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு மறு பக்கத்தைக் கழிக்க முடியாது. பிரிவு கேட்பவருக்குச் சொல்கிறது: நீ மட்டும் முடிவெடுக்க முடியாது. பெரும்பான்மைக்குச் சொல்கிறது: உன் மறுப்பு மட்டும் போதாது. உலகத்தில் எந்தக் கூட்டாட்சியும் தன் அரசியலமைப்பில் எழுதிக்கொள்ளக் கூடியது இதுதான் என்று நான் நம்புகிறேன்.

2000இல் வந்த தெளிவுச் சட்டத்தில் எனக்குத் திருப்தி இல்லை. கேள்வி தெளிவாக இருக்கிறதா என்பதை வாக்கெடுப்புக்கு முன்பே பாராளுமன்றம் சொல்ல வேண்டும் என்பது நல்ல ஏற்பாடு, நாற்பது சொல் வாக்கியத்தை வரிசையில் நின்று வாசித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பெரும்பான்மை தெளிவானதா என்பதை மட்டும் வாக்கெண்ணிய பிறகுதான் பாராளுமன்றம் தீர்மானிக்குமாம். எத்தனை வீதம் வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. இது நேர்மையானதல்ல. தோற்ற பின் விதியை எழுதுவதாக மறு தரப்பு சொன்னால் யார் மறுக்க முடியும்? மொன்ரனீக்ரோவைப் பாருங்கள். 2006 மே 21ஆம் திகதி சேர்பியாவோடு இருந்த கூட்டைக் கலைப்பதா என்று வாக்கெடுத்தபோது, ஐரோப்பிய ஒன்றியத்தின் யோசனைப்படி 55 வீதம் வேண்டும் என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்டார்கள். கிடைத்தது 55.5. மயிரிழைதான், ஆனாலும் இரத்தம் சிந்தாமல் புதிய நாடு பிறந்தது. கரிபியனில் செயின்ட் கிட்ஸ் - நெவிஸ் கூட்டாட்சி. நெவிஸ் தீவு பிரிவதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்று அதன் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 1998இல் ஏறக்குறைய 62 வீதமானோர் பிரிய வேண்டும் என்றார்கள். போதவில்லை. நெவிஸ் இன்றும் அந்தக் கூட்டாட்சிக்குள்தான் இருக்கிறது. எண் முன்பே தெரிந்திருந்தால் தோற்றவரும் அந்த முடிவோடு வாழ்வார்.

பாதிக்கு மேல் ஒரே ஒரு வாக்கு போதும் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. அரசாங்கத்தை நாலு ஆண்டில் மாற்றலாம். நாட்டை அப்படி மாற்ற முடியாது. 55 வீதம் நியாயமான அளவு என்பது என் எண்ணம். மூன்றில் இரண்டு என்று போனால் பெரும்பான்மையின் விருப்பத்தையே சிறைப்பிடித்ததாகிவிடும்.

வீதக் கணக்கைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. பிரியப் போகும் நிலத்துக்குள் இருக்கும் மற்றவர்கள். கியூபெக் வாக்கெடுப்புக்கு ஆறு நாள் முந்தி, 1995 ஒக்டோபர் 24ஆம் திகதி, ஜேம்ஸ் குடாவின் கிரீ மக்கள் தாங்களே ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். எங்கள் சம்மதம் இல்லாமல் எங்களையும் எங்கள் நிலத்தையும் கனடாவிலிருந்து பிரிக்கலாமா என்பது கேள்வி. 96 வீதத்துக்கு மேல் 'கூடாது' என்றார்கள். வடக்கே இனுயிட் மக்களும் அப்படியே. கியூபெக்கின் பெரிய நீர்மின் அணைகள் கிரீ மக்களின் வேட்டை நிலத்தில்தான் நிற்கின்றன. அந்த வடபகுதியைக் கனடியப் பாராளுமன்றம் 1898இலும் 1912இலும்தான் கியூபெக்கோடு சேர்த்தது, அந்த மக்களைக் கேளாமலே. கியூபெக்கின் பிரிவினைத் தலைவர்கள் சுயநிர்ணயம் பற்றி அழகாகப் பேசினார்கள். கிரீ மக்கள் அதே சொல்லைச் சொன்னபோது, மாகாண எல்லை மாற்ற முடியாதது என்று விட்டார்கள். இன்று ஆல்பர்ட்டாவிலும் பூர்வகுடி மக்கள் தங்கள் ஒப்பந்தங்கள் பிரித்தானிய முடியோடு செய்தவை, மாகாணத்தோடு அல்ல என்று சொல்லிப் பிரிவை எதிர்க்கிறார்கள்.

அமெரிக்காவின் தென் மாநிலங்கள் 1860-61இல் பிரிந்து போனது எதற்கு? அடிமை முறையைக் காப்பாற்ற. அந்த மாநிலங்களில் லட்சக்கணக்கான அடிமைகளின் வாக்கை யாரும் கேட்கவில்லை. ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் செத்த போருக்குப் பிறகு, 1869இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்றியத்தைப் பிரிக்க முடியாதது என்றது. பிரிந்து போக விரும்புகிறவன் எப்போதும் ஒடுக்கப்பட்டவன் என்று எண்ணிவிட முடியாது.

இதை எங்கள் கதையிலும் சொல்லத்தான் வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணம் சோனகதெருவில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். தமிழ் பேசிய, எங்களோடு சந்தையில் நின்ற மக்கள். எங்களுக்கு ஒரு நாடு வேண்டும் என்று கேட்ட நாங்கள், அந்த நாட்டுக்குள் அவர்களுக்கு இடம் உண்டா என்று அவர்களைக் கேட்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், பிரிவுக்கு வழி வகுக்கும் எந்தச் சட்டமும் உள்ளே இருக்கும் சிறிய மக்களின் தனி வாக்கையும் எண்ண வேண்டும். பேச்சுவார்த்தை மேசையில் அவர்களுக்குச் சொந்த நாற்காலி வேண்டும்.

சட்டத்தில் எழுதினால் மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது. சோவியத் ஒன்றியத்தின் அரசியலமைப்பு ஒவ்வொரு குடியரசுக்கும் பிரியும் உரிமையைக் கொடுத்திருந்தது. லித்துவேனியா 1990இல் அதை எடுத்துக்கொண்டபோது பொருளாதாரத் தடை வந்தது. 1991 ஜனவரியில் வில்னியுஸுக்குள் தாங்கிகள் வந்தன. எத்தியோப்பியாவின் 1995 அரசியலமைப்பில் 39ஆம் பிரிவு இன்னும் விரிவாகவே வழி சொல்கிறது. 2020இல் திக்ரே போரை அது தடுக்கவில்லை. சுதந்திரமான நீதிமன்றமும் நம்பக்கூடிய தேர்தலும் இல்லாத இடத்தில் அந்தப் பிரிவு வெறும் எழுத்து.

தமிழ்நாட்டு வாசகர் ஒருவர் இங்கே குறுக்கிட நியாயம் இருக்கிறது. இந்தியா தடை போட்டது, ஆனால் திராவிட நாட்டுக் கோரிக்கை போர் இல்லாமல் முடிந்ததே என்பார். உண்மை. 1962இல் மாநிலங்களவையில் அண்ணா திராவிட நாடு கேட்டுப் பேசினார். 1963இல் பதினாறாவது திருத்தம் வந்தது. தி.மு.க. அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது. கோரிக்கைக்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்றும் அண்ணா சொன்னார். அந்தக் காரணங்களுக்குப் பதில் கிடைத்தது தடையால் அல்ல. 1956இலேயே மொழிவாரி மாநிலம் வந்திருந்தது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பின் 1967இல் ஆங்கிலம் தொடரும் என்பது சட்டமானது. அதே ஆண்டு அண்ணா முதலமைச்சர் ஆனார். அதே அரசியலமைப்பு, அதே தடை மிசோ மலையில் என்ன செய்தது? 1966இல் ஐசோல் மீது விமானப்படை குண்டு வீசியது. இருபது ஆண்டு கழித்து 1986இல் மிசோ கிளர்ச்சித் தலைவர் லால்டெங்காவோடு உடன்பாடு செய்து அவரையே முதலமைச்சராக்கித்தான் அமைதி வந்தது. கேட்பதற்கு இடம் கொடுத்த போதெல்லாம் இந்தியா பலப்பட்டிருக்கிறது.

கியூபெக்கும் அப்படித்தான் பெற்றுக்கொண்டது. தனக்கான குடியேறிகளைத் தானே தெரிவு செய்யும் உரிமை, தன் வருமான வரியைத் தானே திரட்டுவது, தன் ஓய்வூதியத் திட்டம், மொழிச் சட்டம். கியூபெக்குவா மக்கள் ஒன்றுபட்ட கனடாவுக்குள் ஒரு தேசம் என்று 2006இல் ஒட்டாவாப் பாராளுமன்றமே தீர்மானம் போட்டது. பிரிந்து போகலாம் என்ற நிலை இருப்பதால் மத்திய அரசு ஒவ்வொரு தலைமுறையும் கியூபெக்கை இருக்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது. மாறாக, இலங்கையின் வடமாகாண சபையை எடுத்துக்கொள்ளுங்கள். 1987இல் சட்டம், முதல் தேர்தல் 2013இல், 2018இல் காலம் முடிந்த பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தலே இல்லை. காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் தாளில் மட்டும்.

மூன்றாவது வாக்கெடுப்பு வந்தால் நான் மறுபடி 'இல்லை' என்றுதான் போடுவேன். அதற்கு முன் ஒட்டாவா தெளிவுச் சட்டத்தில் அந்த எண்ணை எழுத வேண்டும், கேள்வி எழும் முன்பே, இப்போதே. கிரீ, இனுயிட் மக்களின் சம்மதம் தனியாகப் பெறப்படும் என்பதையும் எழுத வேண்டும்.

கொழும்பில் ஆறாவது திருத்தம் இன்னும் 157A பிரிவாக அரசியலமைப்பில் இருக்கிறது. சமஷ்டி கேட்பது தனிநாடு கேட்பதாகாது என்று இலங்கை உயர் நீதிமன்றம் சொல்வதற்கு 2017 ஓகஸ்ட் வரை, 34 ஆண்டு, ஆனது. போர் முடிந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. துவக்கை எவரும் தூக்கவில்லை. ஒரு கருத்தைச் சொன்னதற்காக ஒருவரின் குடியியல் உரிமையையும் சொத்தையும் பறிக்கலாம் என்ற சட்டம் மட்டும் நிற்கிறது. 2024 நவம்பர் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225இல் 159 ஆசனங்கள் வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்திலும் அதுவே முதலாவதாக வந்தது. 157Aஐ நீக்கும் மசோதாவைக் கொண்டுவர அந்த அரசாங்கம் வேறு எந்தக் கட்சியின் கையையும் பார்க்க வேண்டியதில்லை.